மூன்றாம் எண் சீசா

மார்ச் 2, திங்கள்
சூடான தட்டில் எலியை விட்டு, அது எத்தனை விநாடியில் பாதத்தை நக்குகிறது என்று எண்ணுவதுதான் என் பிழைப்பு. நாளை புதுச் சோதனை. மூன்று சீசாக்கள்: இரண்டில் காட்டுச் செடியிலிருந்து வடித்த வலித் தைலம், ஒன்றில் வெறும் எண்ணெய். எதில் எது என்ற பட்டியல் இயக்குநரின் அலமாரியில் பூட்டியிருக்கிறது. தடவுகிறவர் வேறு, அளக்கிறவர் வேறு. எங்கள் முதல் விதி.

மூன்றாம் சீசாவிலிருந்து கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அக்காவுக்குப் புற்று இடுப்பெலும்புக்குப் பரவிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறதே. திருட்டுதான். இருக்கட்டும்.

மார்ச் 3
தடவினேன். "வாசனையே தெரியலையேடி" என்றாள். மருந்து ஏற்றி ஏற்றி அவள் மூக்கு போயிற்று. தைலம் வடித்து வடித்து என் மூக்கும். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டேன். நேற்று எட்டு. இன்று ஆறு!

மார்ச் 6
நாலு.

மார்ச் 9
டாக்டர் மார்ஃபின் ஆரம்பிக்கலாம் என்றார். "இப்ப வேணாம் டாக்டர், குறைஞ்சுக்கிட்டு வருது" என்று நான்தான் சொன்னேன். அக்கா தலையாட்டினாள். மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 13
மூணு. ஆனால் சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கிறது — ஏன்?

மார்ச் 24
பட்டியலைத் திறந்தார்கள். மூன்றாம் எண் — வெறும் எண்ணெய்.

வீட்டுக்கு ஓடினேன். சொன்னதும் அக்கா சிரித்தாள். "அடிப்பாவி! வெறும் எண்ணெய்க்கா நான் இவ்வளவு நடிச்சேன்?"

"ஏன்க்கா?"

"சீசாவைக் கையில வெச்சுக்கிட்டு என் வாயையே பாத்துட்டு நிக்கிற. எட்டுன்னு எப்படிடி சொல்றது?"

பதினைந்து நாள். நான் மார்ஃபின் வேண்டாம் என்று சொன்னதிலிருந்து பதினைந்து நாளும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். எலிக்கு என்மேல் பாசம் கிடையாது, அதனால் பொய் சொல்லாது. இவளிடம் போய் நானே தடவி, நானே கேட்டு — படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்?

மார்ச் 25
மார்ஃபின் ஆரம்பித்தாயிற்று; நர்ஸ் வீட்டுக்கே வந்து போடுகிறார். மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினாள். "இப்படித் தூங்கி ஒரு மாசமாச்சு" என்றார் மாமா. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 11
எலிகளிடம் தைலம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. இயக்குநர் கை குலுக்கினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி நாள்கணக்குதான் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் அக்கா கேட்டாள்: "அந்த வெறும் எண்ணெய் மிச்சம் இருக்கா? நீ கை வெச்சா நல்லாருக்கு."

தடவினேன். எத்தனை என்று கேட்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே தடவினேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ஒன்பதுடி."

கையைத் துடைத்துக்கொண்டு நர்ஸுக்குப் போன் போட்டேன்.