குரங்கு பறித்த திராட்சை

இன்று காலை தேரடித் தெரு மளிகைக் கடையில் பாயசத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மஞ்சள் திராட்சையை ஒரு கை அள்ளித் தராசில் போட்டார். "கறுப்பு குடுங்க" என்றேன். "பாயசத்துக்கு மஞ்சள்தாங்க எடுப்பா இருக்கும்" என்றார். "எடுப்பா இருந்து இன்னா பண்றது, இழுப்பு வந்தா?" என்று கேட்டுவிட்டேன். மனுஷன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அது உன் வசனம்டி. நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது, இன்னும் என் வாயில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாய்.

வேங்கிக்கால் ஆபீசில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. டிபன் பாக்ஸை மட்டும் நடுவில் வைத்துச் சேர்ந்து சாப்பிடுவோம். உனக்கு வீசிங் என்று தெரிந்த நாளிலிருந்து ஆபீசில் ஆளாளுக்கு டாக்டர். வாழைப்பழம் கூடாது என்றாள் ஒருத்தி. தக்காளி கூடாது என்றாள் இன்னொருத்தி. கொய்யாவை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார் சூப்பிரண்டு. தயிர் ஆகாது என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. "தயிர் சாதத்துக்கு சொத்தையே எழுதிக் குடுப்பேன்" என்று திரிந்த நீ, நாலு வருஷம் தயிரைத் தொடவில்லை. வெறும் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு என் பாக்ஸையே பார்ப்பாய். கடைசியில் நானும் ஆபீசுக்குத் தயிர் கொண்டுவருவதை விட்டேன். ஆள் இளைத்து, வளையல் முழங்கை வரை ஏறியது. இழுப்பு போனதா? போகவில்லை.

கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் இழுக்கும், ஹோமப் புகை என்போம். பௌர்ணமிக்குக் கிரிவலம் போனால் இழுக்கும், கற்பூரப் புகை என்போம். ராஜகோபுரத்திலிருந்து ஜோராகத்தான் கிளம்புவாய். செங்கம் ரோடு வரைக்கும் உன் வாய் ஓயாது. அடி அண்ணாமலை வரும்போது பேச்சு நின்று நெஞ்சில் விசில் கேட்கும். பஃப்பை எடுத்து அடித்துக்கொண்டு கடை ஓரமாக உட்கார்ந்துவிடுவாய். அந்த இடத்தில் நிற்கிற ஆட்டோக்காரத் தம்பி உன்னைத் தூரத்தில் பார்த்ததுமே வண்டியைத் திருப்பி வைப்பான்.

"ஆந்திராவுலேர்ந்து வந்து சுத்திட்டுப் போறாங்க. இந்த ஊர்லயே பொறந்த கழுதை நான், பாதி மலைய ஆட்டோவுல சுத்தறேன். சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை முழுசா சுத்தணும்டி." இதைச் சொல்லும்போது மட்டும் நீ சிரிக்கமாட்டாய். எனக்கும் அழுகை முட்டும். உன்னைத் திட்டி அதை மறைப்பேன்.

பௌர்ணமி என்றால் உனக்கு விரதம். சோறு கிடையாது, டிபன் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு கவர் நிறைய மஞ்சள் திராட்சை. நெஞ்சுக்கு பலம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். விடியற்காலையில் குளித்த கையோடு ஆரம்பித்து, வழி நெடுக மென்றுகொண்டே வருவாய். மூச்சு வாங்க வாங்க, பலம் போதவில்லை என்று இன்னும் ரெண்டு ஜாஸ்தியாகப் போட்டுக்கொள்வாய். நமக்குத்தான் புத்தி இருக்கிறதே!

ஒரு பௌர்ணமிக்குக் குளித்துக் கிளம்பவே நேரமாகிவிட்டது. செங்கம் ரோட்டுக்கு வந்த பிறகுதான் கவரைப் பிரித்தாய். மதில்மேல் ஒரு தடிக் குரங்கு. நீ முதல் திராட்சையை வாயில் போடுவதற்குள் அது குதித்து, கவரைப் பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டது. "அடப்பாவி, விரதக்காரி வயித்துல அடிச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா!" என்று நடுரோட்டில் நின்று நீ கத்தியதில் சாமியார்களே திரும்பிப் பார்த்தார்கள். வேறு வாங்கலாம் என்றேன். கோபத்தில் வேண்டாம் என்று விறுவிறுவென நடந்தாய். குரங்கைத் திட்டிக்கொண்டே அடி அண்ணாமலை வந்துவிட்டோம். தம்பி வண்டியைத் திருப்பி வைத்திருந்தான்.

"இன்னாக்கா, இன்னிக்கு வர்லியா?"

"இருப்பா, மூச்சு வாங்கட்டும்" என்றாய். நின்று பார்த்தாய். வாங்கவில்லை. அவன் நம்பாமல் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஆட்டோவை உருட்டிக்கொண்டு வந்தான். நீ திரும்பி அவனுக்குப் பெரிய கும்பிடாக ஒன்று போட்டாய். அவ்வளவுதான், அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். மிச்ச மலையையும் நடந்தே முடித்தாய். கோபுர வாசலில் வந்து தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாய். நானும்தான் அழுதேன், போ.

உன் இழுப்புக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது, குரங்கு கதைக்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நிறம் மங்காமல் இருக்க அந்தத் திராட்சையில் ஒரு மருந்து சேர்ப்பார்களாம். ஆஸ்துமா இருக்கிற சிலருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்குமாம். "புகையும் ஒரு காரணமா இருக்கலாம். மொதல்ல இத மட்டும் நிறுத்திப் பாருங்க. ஒண்ணொண்ணா நிறுத்திப் பாத்தாத்தான் எதுனு தெரியும். நீங்க எல்லாத்தையும் நிறுத்திட்டு, ஆகாதத மட்டும் கை நிறைய சாப்பிட்டிருக்கீங்க. தெனம் இழுக்கற மருந்த மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். கல்யாண வீட்டுப் பாயசம் அப்போதுதான் நம் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

திராட்சையை விட்டு ஒரு மாதம் பார்த்தபின் அவரே தயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொன்னார். நீ ஆபீசில் முதல் வாய் தயிர் சாதம் சாப்பிட்டதைப் பார்க்க மொத்த செக்‌ஷனும் கூடிவிட்டது. "இன்னாடி எல்லாம் வேடிக்கை பாக்கறீங்க, எனக்கென்ன கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டே பாக்ஸை வழித்தாய். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பௌர்ணமி தவறாமல் முழுசாகச் சுற்றினோம். விரதத்துக்குக் கறுப்புத் திராட்சை, அதுவும் டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டுத்தான். ஆனால் குரங்கைப் பார்த்தால் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்வாய்.

பிறகு ஒரு நாள் மாரடைப்பு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். துக்கத்துக்கு வந்த ஒருத்தி, "இழுப்புதான் கொண்டு போச்சு. தயிர தின்னாதனு சொன்னா கேட்டாத்தானே" என்றாள். சாவு வீடென்றும் பார்க்காமல் சண்டைக்குப் போய்விட்டேன். கேட்டிருந்தால் நீயே என் வாயைப் பொத்தியிருப்பாய்.

போன பௌர்ணமிக்குத்தான், நீ போன பிறகு முதல்தடவையாகத் தனியாகக் கிளம்பினேன். அடி அண்ணாமலையில் அதே தம்பி. "அக்கா எங்க?" என்றான். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். "மூச்சுத் தெணறிடுச்சாக்கா?" என்றான்.

"இல்லப்பா. கடைசி வரைக்கும் மூச்சு நல்லா இருந்துச்சு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

பையிலிருந்து தயிர் சாதத்தை எடுத்தேன். உன் அளவுக்கு எனக்குத் தயிர்மேல் ஆசை கிடையாது, உனக்குத் தெரியும். ஆனாலும் அது இல்லாமல் கிரிவலம் கிளம்ப எனக்கு மனசு வரவில்லை. டப்பா மூடியில் பாதியை வைத்து அவனிடம் நீட்டினேன். அவன் ஆட்டோவின் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். நீ மூச்சுக்கு ஒதுங்கி உட்காருவாயே, அதே கடை ஓரத்தில் சாப்பிட்டு முடித்தோம். "வரட்டா தம்பி" என்று எழுந்து, உன்னை மாதிரியே அவனுக்குப் பெரிய கும்பிடாக ஒன்று போட்டுவிட்டு மிச்ச மலையைச் சுற்ற நடந்தேன்.