தட்டில் வைத்த ஐந்து தக்காளி

அன்புள்ள பெரிய மனுஷிக்கு, அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். அம்மா சுகம், முழங்கால் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை, அதட்டலும் அப்படியே. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆனால் சுகம் என்று ஒரே சொல்லில் எழுதி முடிக்க இந்த முறை கை வரவில்லை. எழுத்து இவ்வளவு பெரிதாகவும் வரி இவ்வளவு கோணலாகவும் இருப்பதைப் பார்த்துப் பதறாதே, உடனே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வரவும் வேண்டாம், பொறுமையாகப் படி, வரிசையாகச் சொல்கிறேன்.

பின்பக்கச் சுவரோரம் அம்மா வைத்த தக்காளிச் செடிகள் இந்த வருடம் தாமதமாகத்தான் காய்த்தன, அதற்குள் குளிர் முந்திக்கொண்டது. பனி விழுந்தால் செடி கருகிக் காயெல்லாம் கொழகொழத்துப் போகும் என்று போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள், இரண்டு பேருமாக இருந்த காய் அத்தனையும் பறித்தோம், எழுபதுக்கு மேல் இருக்கும், எல்லாம் பச்சை. வெடித்ததையும் அடிபட்டதையும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைத் துடைத்து, அட்டைப் பெட்டிகளிலும் உன் மேசை இழுப்பறையிலும் செய்தித்தாள் விரித்து ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கினோம். பெட்டிக்கு ஒரு பழுத்த வாழைப்பழம் வைத்தாள், அது பக்கத்தில் இருந்தால் காய் சீக்கிரம் பழுக்குமாம். ஜன்னலில் வெயில் படும்படி வைக்கலாமே என்று கேட்டதற்கு, "வெயில் எதுக்கு, கதகதப்பா இருந்தா போதும், பேசாம சொன்னதச் செய்யுங்க" என்றாள். அவளால் குனிய முடியாது என்பதால் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. தினமும் காலையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, சிவந்ததைச் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டும், கறுப்பு விழுந்ததை உடனே எடுத்து எறிய வேண்டும், அவ்வளவுதான் வேலை.

பத்து நாள் கழித்து நாலு பழம் கேட்டாள், கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கியவள் சிரித்துவிட்டாள், "என்ன விளையாட்டு இது, மூணு பச்சக் காய்" என்றாள். அவசரத்தில் எடுத்துவிட்டேன் என்று சமாளித்தேன். மறுநாளிலிருந்து கட்டைவிரலால் மெல்ல அழுத்தியும் காம்புப் பக்கம் முகர்ந்தும் எடுக்க ஆரம்பித்தேன், பழுத்தது கொஞ்சம் இளகியிருக்கும், மணமும் மாறியிருக்கும். ஒரு வாரம் அப்படியே தப்பித்தேன். அதற்குள் இழுப்பறையின் உள் மூலையில் ஒரு காயில் பூஞ்சை பிடித்து, பக்கத்திலிருந்த ஐந்தும் கெட்டுத் தாளோடு ஒட்டிக்கிடந்தன. நாற்றம் வந்து அம்மாதான் கண்டுபிடித்தாள். என் விரல் அந்த மூலைக்குப் போகவில்லை, கண் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

அவள் திட்டவில்லை. வெள்ளைத் தட்டு ஒன்றில் ஐந்து தக்காளியை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, "தொடாமச் சொல்லுங்க, எது சிவப்பு" என்றாள். எனக்கு ஐந்தும் நனைந்த சாக்கு நிறமாகத்தான் இருந்தன. குருட்டாம்போக்கில் ஒன்றைக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "எத்தன நாளா?" என்று கேட்டாள். இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக என்றேன். அழுவாள் என்று நினைத்தேன், அவள் கேட்டதெல்லாம், "நாளைக்கு வண்டி எடுப்பீங்களா?"

ஆறு நோயாளிகளை வாரத்தில் மூன்று நாள் வீடு வீடாக ஏற்றி, ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முடிகிற வரை காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேன். பதினொரு வருடத்தில் ஒரு கீறல் இல்லை என்று உன்னிடமே எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்கணும், கீழே எரிந்தால் போகணும், இதில் நிறம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேர் வெயில் அடித்தால் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்பதே தெரியாது, பக்கத்து வண்டி நகர்ந்தால் நானும் நகர்வேன். அதையும் அம்மாவிடம் சொன்னேன். சாவியை அவள் கேட்கவில்லை, நானே சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

காலையில் ஆபீசுக்குப் போய் மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். முதலில் கத்தினார், பிறகு தண்ணீர் கொடுத்தார். அங்கிருந்து நேராகத் தையல்காரர் வீட்டுக்குப் போனேன், வேனில் என் பக்கத்து இருக்கையில் உட்காருபவர், அவரிடம் நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தைத்துக்கொண்டிருந்தவர் மிஷினை நிறுத்திவிட்டு, "தெரியும்ணே" என்றார். "பாலத்துக்குக் கீழ அன்னிக்கு சிவப்புல போயிட்டீங்கல்ல, அப்பவே தெரியும்" என்றார். அதற்குப் பிறகு நாலு மாதம், ஒவ்வொரு சிக்னலிலும் "என்ன அவசரம்ணே, நின்னு போலாம்" என்றும் "ம், கெளம்பலாம்" என்றும் அவர் சொல்லிக்கொண்டே வந்ததை நான் சும்மா வாயாடுகிறார் என்று நினைத்திருக்கிறேன். ஏன்யா சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க போயிட்டா வாசப்படி வரைக்கும் வந்து எங்களக் கைபிடிச்சு யாரு ஏத்துவா" என்றார். என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார், எனக்கோ முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவருக்காவது தெரிந்திருந்தது. பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்த ஐந்து பேருக்கு ஒன்றுமே தெரியாதே பாப்பா, அவர்களை நம்ப வைத்து அல்லவா ஓட்டியிருக்கிறேன்.

கண் டாக்டர் பார்த்துவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறதாம். போன பார்வை போனதுதான், மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். காலையும் மாலையும் அம்மா சொட்டு விடுகிறாள், கண்ணைச் சிமிட்டினால் திட்டு விழுகிறது. புது டிரைவருக்கு வீடு தெரியாததால் இந்த வாரம் நானும் கூடப் போகிறேன், அவர் ஓட்டட்டும், நான் இறங்கி ஆட்களைக் கைபிடித்து ஏற்றுகிறேன். இந்த வேலையையாவது எனக்கே கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. மிச்சத் தக்காளியை இப்போது அம்மா மேசையில் உட்கார்ந்தபடியே பார்க்கிறாள், நான் பெட்டியைத் தூக்கி வந்து வைப்பதோடு சரி. ஒரு பத்துப் பன்னிரண்டு பழுக்காமலே சுருங்கிவிட்டன.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சின்னவனைக் குளிரில் காதை மூடாமல் வெளியே விடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேண்டுதல் ஏதும் இல்லை. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன், ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கோளாறு பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாம், முதலில் ஒன்றுமே தெரியாது, வலியும் இருக்காது என்று டாக்டர் சொன்னார். இந்த மாதத்துக்குள் போய் இரண்டு கண்ணையும் காட்டு. போனில் சொன்னால் "பாக்கலாம்பா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு வருடம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா