சுகாதாரத் துறை ஜெயமேரி

ஜனவரி 21, செவ்வாய்

இன்று எட்டுப் பேர். கட்டைவிரல் இரண்டும் கழன்றுவிடும் போல இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய் நாள், மாடிப்படி வரை வரிசை நிற்கும். மற்ற நாளில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாலே "இன்னைக்கு ஆகாதும்மா" என்று ஓடுகிறார்கள். கடை திறந்த புதிதில் இது எனக்கு உறைக்கவில்லை. சென்னையில் பெரிய ஹோட்டலில் பதினொரு வருஷம் வேலை பார்த்த திமிர், வேறென்ன! 'ஞாயிறு சிறப்பு எண்ணெய் மசாஜ்' என்று நோட்டீஸ் அடித்துவிட்டு எட்டு ஞாயிறு ஈ ஓட்டினேன். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார வைத்து, சேலை மேலேயே துண்டு போட்டு, எண்ணெய் இல்லாமல் அழுத்திவிடும் வேலையை ஆரம்பித்தேன். சின்னாளப்பட்டித் தறிக்காரப் பெண்கள் அதற்கென்றே பஸ் ஏறி வருகிறார்கள். தோளையும் இடுப்பையும் தறி தின்றுவிடுகிறது.

மத்தியானம் ஒரு ஃபோன். ஆண் குரல். "ஸ்பெஷல் எதுவும் உண்டா?"

"உண்டு. ஒங்க ஆத்தாளக் கூட்டிட்டு வா. முழங்காலுக்கு ஸ்பெஷலா பண்ணி விடுறேன்."

வைத்துவிட்டான். என்னிடம் தொழில் கற்று என்னோடேயே வேலை பார்க்கும் மலர்விழி, துண்டு மடிப்பதை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாரத்துக்கு இரண்டு இப்படி வரும். போர்டில் அந்தச் சொல் இருப்பதால்தான் என்கிறார்கள். 'ஜெயா மசாஜ் - பெண்களுக்கு மட்டும்.' இதற்கு மேல் எப்படி எழுதுவதாம்?

ஜனவரி 26, ஞாயிறு

பூசை முடிந்ததும் அண்ணன் நேரே என் வீட்டுக்கு வந்தார். ஸ்தனிஸ்லாஸ் சார் என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. தலைமையாசிரியர். கோயிலில் வாசகம் வாசிக்கிறவர். மகள் ஷைனிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம். தாடிக்கொம்பு. பையன் பேர் ஆல்வின். "நல்ல குடும்பம்" என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவையில் எனக்கு விளங்கிவிட்டது.

"கல்யாணம் முடியிற வரைக்கும் அந்தப் போர்டை மட்டும் எறக்கி வையி ஜெயா. நாலே மாசம்."

"எதுக்குண்ணே?"

"அந்த வேலைன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாக."

அந்த வேலை! மூன்று வருஷமாக அண்ணன் வாயில் அதன் பேர் வந்ததில்லை. அந்த வேலை, அந்தக் கடை, அந்த மாடி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதுக்கு ஒரு பேரு இருக்குல்ல? ஒங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. இப்பவே எறக்குறேன்" என்றேன்.

சொல்லவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போர்டு இறங்காது.

ஜனவரி 29, புதன்

மதினி ஃபோன். "பிசியோதெரபின்னு மாத்திக்கயேன், கௌரவமா இருக்கும்ல?" நான் அதைப் படிக்கவில்லை மதினி. படிக்காததை எழுத மாட்டேன். படித்ததை அழிக்கவும் மாட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

நிச்சயதார்த்தப் பத்திரிகை வந்தது. உறவினர் வரிசையில் ஒவ்வொருவர் பேருக்குக் கீழும் உத்தியோகம். மாமா சார்லஸ், வங்கி. சித்தப்பா ஆரோக்கியதாஸ், ரயில்வே. அப்புறம் - என் கண்ணையே நம்ப முடியவில்லை - 'அத்தை செல்வி ஜெயமேரி, சுகாதாரத் துறை.'

மலர்விழி எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, கெவர்மென்ட் வேலை கெடச்சத சொல்லவே இல்ல? ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?"

சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஃபோனை எடுத்தேன். அண்ணனுக்கு அடித்தேன்.

"நீ பாக்குறதும் ஒடம்பு சம்பந்தப்பட்டதுதான ஜெயா? இதுல பொய் எங்க இருக்கு?"

அடப்பாவி மனுசா. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிற வாயா இது?

நிச்சயத்துக்குப் போக மாட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

போனேன். ஷைனிக்காகத்தான் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா செபாஸ்தியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல உயரம், கணீர்க் குரல். தட்டு மாற்றும்போதே கவனித்தேன், வலது கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. இடது கையால் தாங்கிப் பிடித்து வாங்கினார். முந்தானையையும் இடது கையாலேயே சரி செய்துகொண்டார். தோள் இறுகிப் போய்க் குறைந்தது ஆறு மாசமாவது இருக்கும். சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மேடம் எந்த ஆஸ்பத்திரில இருக்கீக?"

மேடமா! அண்ணன் எதிரே நின்று என்னையே பார்த்தார். மதினி ஜெபமாலையைப் பிடித்த மாதிரி சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷைனி தலை குனிந்திருந்தாள்.

"டவுன்லதான்" என்றேன்.

"எம் பொண்ணு நர்சிங் முடிச்சிட்டு காண்ட்ராக்ட்ல கெடக்கா தாயி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நெரந்தரம் ஆயிரும்ல?"

"பாப்போம்" என்றேன்.

பாப்போமாம்! ஃபோனில் கண்டவனை ஆத்தாளோடு வரச் சொல்கிற வாய், ஒரு தாய் முன்னால் பூட்டிக்கொண்டது. திரும்பி வரும்போது கடை வழியாக வந்தேன். போர்டை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. இது எனக்குப் புதுசு. அண்ணன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல்தான் அதிகம்.

மார்ச் 11, செவ்வாய்

நடக்கக் கூடாது என்று நினைத்தது நடந்துவிட்டது.

பதினொரு மணி. எண்ணெய் நாள், நாலு பேர் காத்திருக்கிறார்கள். என் இரண்டு கையிலும் முழங்கை வரை நல்லெண்ணெய். படியில் செருப்புச் சத்தம். நிமிர்ந்தால் செபாஸ்தியம்மாள். இடது கையில் மஞ்சப்பை. மகளின் சர்ட்டிஃபிகேட் நகல் எல்லாம் அதில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

சுகாதார ஆபீசுக்குப் போய் ஜெயமேரி மேடம் எங்கே என்று கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இல்லை என்றிருக்கிறார்கள். பத்திரிகையைக் காட்டி வாதாடியிருக்கிறார், பாவம். கடைசியில் எதிர்த்த டீக்கடைக்காரர் பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, ஸ்தனிஸ்லாஸ் சார் தங்கச்சி, மசாஜ் ஜெயமேரியா? ஜெகபர் அலி பாய் பூட்டுக்கடை மாடிக்குப் போங்க" என்று வழி சொல்லியிருக்கிறார். டீக்கடையில் அத்தனை பேரும் சிரித்தார்களாம்.

"இம்புட்டுப் பேரு முன்னாடி என்னைய கோமாளியாக்கிட்டீகளே. பொய்யச் சொல்லியா பொண்ணக் குடுக்கீக?"

"பொய்ய அச்சடிச்சது நான் இல்லக்கா. ஆனா நீங்க கேட்டப்ப வாயப் பொத்திக்கிட்டு இருந்தது நாந்தான். அது தப்பு. இந்த வேலை தப்பில்ல."

அவர் போர்டைப் பார்த்தார், காத்திருந்த பெண்களைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். விறுவிறுவென இறங்கிப் போய்விட்டார். அந்த மஞ்சப்பைதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மார்ச் 12, புதன்

அண்ணன் கடை வாசலுக்கே வந்து கத்தினார். படி ஏறவில்லை, கீழே நின்றே கத்தினார். "தவக்காலம்னு கூடப் பாக்காம எங்களச் சிலுவையில ஏத்திட்டியே! அந்தக் கடைய மூடிட்டேன்னு போயிச் சொல்லு. இல்லேன்னா எம் பொண்ணு வாழ்க்கை போச்சு."

ஜெகபர் அலி பாய் பூட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், மூணு வருசமா எங்கடைக்கு மேல நடக்குது. எம் பொஞ்சாதி சர்புன்னிசா மாசத்துக்கு ரெண்டு தடவ மேல போயிட்டு வாரா. தப்பான எடம்னா அவளப் போக விடுவனா?"

அண்ணன் வண்டியை எடுத்தார்.

மூட மாட்டேன். ஆனால் ஷைனி? என்னால் அவள் கல்யாணம் நின்றுபோனால்? இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் திமிர் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

ஷைனி வந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா பொய் சொன்னாரு, அது அவரு புத்தி. நீங்க ஏன் அத்தை பாப்போம்னு சொன்னீங்க? சின்னதுல இருந்து எனக்கு யாரையும் பாத்துப் பயப்படக் கூடாதுன்னு சொன்னது யாரு? அன்னைக்கு உங்களப் பாத்துத்தான் எனக்கே வெக்கமா போச்சு."

"கல்யாணம் நின்னுருமேன்னு பயந்துட்டேன்டி."

"நின்னா நிக்கட்டும். ஆல்வின்கிட்ட நான் போன மாசமே எல்லாம் சொல்லியாச்சு. அவங்க அம்மாகிட்ட சொல்லத்தான் ரெண்டு பேருக்கும் தைரியம் இல்ல."

ஆக, பயந்தாங்கொள்ளிகள் மூன்று பேர்! இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். சிரிப்புக்கு நடுவில் எனக்குத்தான் கண்ணீர் வந்தது. அவள் மாமியாராகப் போகிறவரின் தோள் இறுகிக் கிடப்பதை நிச்சயத்தன்றே கவனித்ததையும் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

தாடிக்கொம்பு போனேன். தனியாக. என் மசாஜ் படிப்புச் சான்றிதழைச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

செபாஸ்தியம்மாள் உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆல்வினின் அப்பா அருள்நாதன்தான் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"அக்கா, வேலைக்காக மன்னிப்புக் கேக்க வரல. பாப்போம்னு சொன்னதுக்குக் கேக்க வந்தேன். அலைய விட்டதுக்குக் கேக்க வந்தேன். நான் மசாஜ் பண்றவ. பத்தொம்பது வயசுல ஆரம்பிச்சேன், இப்ப நாப்பத்தி மூணு. இதுல சம்பாதிச்ச சோறுதான் சாப்பிடுறேன். போர்டு எறங்காது. ஷைனிய வேணாம்னா எனக்காக வேணாம்னு சொல்லாதீக, அவ தங்கம்."

செபாஸ்தியம்மாள் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி என் எதிரே வந்து நின்றார். பிறகு அவர், "என் கை வெளங்கலைன்னு அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டியாமே, ஷைனி ஃபோன்ல சொன்னா. இப்ப இங்கயே சரி பண்ணி விடு, பாப்போம்" என்றார். சோதனை வைக்கிறார்!

"மாட்டேன்" என்றேன்.

அருள்நாதன் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"மொதல்ல சுகர் பாருங்க. எலும்பு டாக்டர்ட்ட காட்டுங்க. அவரு அமுக்கலாம்னு எழுதிக் குடுத்தா வாங்க. அதுக்கு முன்னால கை வச்சா நான் மசாஜ்காரி இல்ல, மந்திரவாதி."

செபாஸ்தியம்மாள் உதடு ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. பிறகு தீர்மானமாகச் சொன்னார்: "ஒங்க அண்ணன்ட்ட சொல்லு. கல்யாணப் பத்திரிகையில உள்ளத உள்ளபடி அடிக்கணும். டீக்கடையில என்னையப் பாத்துச் சிரிச்சாகள்ல, அம்புட்டுப் பேருக்கும் அந்தப் பத்திரிகைய நானே குடுப்பேன். அடிச்சாத்தான் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுவேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டு அம்மா முறைக்க முறைக்க, தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஏழு பேர். ஆல்வின் மெசேஜ் அனுப்பியிருந்தான்: அம்மாவுக்குச் சுகர் இருக்கிறதாம். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். கைக்கு ஏப்ரல் கடைசியில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறாராம் டாக்டர்.

ஏப்ரல் 24, வியாழன்

ஈஸ்டர் முடிந்து அச்சகத்தில் புரூஃப். ஷைனி படம் எடுத்து அனுப்பினாள். அண்ணன் முதலில் 'தெரபிஸ்ட்' என்று மட்டும் போட்டிருக்கிறார். சம்பந்தியம்மா திருப்பி அனுப்பிவிட்டாராம். பிறகு 'உடல்நலப் பயிற்சியாளர்.' அதையும் திருப்பி அனுப்பிவிட்டாராம். அச்சகக்காரர் கடுப்பாகி, "சார், இதோட கடைசி" என்றிருக்கிறார். மூன்றாவதில்தான் உள்ளது உள்ளபடி வந்திருக்கிறது. அண்ணன் மூக்கால் அழுதிருப்பார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசையில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கும்படி சாமியார் சொன்னபோது மதினி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 2, வெள்ளி

எண்ணெய் நாள். ஒன்பது பேர். முதல் ஆள் செபாஸ்தியம்மாள். டாக்டர் சீட்டை மேசை மேல் வைத்துவிட்டு, "இப்பவாச்சும் தொடுவியா?" என்றார். இருபது நிமிஷம், மெதுவாக. கை தோள் உயரத்துக்கு ஒரு விரற்கடை கீழே வரை வந்தது. "இதுக்கே இந்த வலியா? கல்யாணத்தன்னைக்கு மேல தூக்கி ஆசீர்வதிக்கணும்டி" என்று திட்டிக்கொண்டே போனார். அதற்குள் தூக்கிவிடுவார் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் தறிக்கார முருகாயி அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே அண்ணன் குரல். பாய்க்குப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறார். பூட்டு வாங்க வந்த யாரோ ஒரு வெளியூர்க்காரர் கேட்டார்: "மேல என்னங்க, இம்புட்டுப் பொம்பளைங்க ஏறிப் போறாங்க?"

என் கை தானாக நின்றது. பாய் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை, எனக்குத் தெரியும். அண்ணன் தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடப் பிரேயரில் செருமுவாரே, அதே செருமல்.

"என் தங்கச்சி கடைங்க. மசாஜ் பண்றா."

மலர்விழி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

"ஏத்தா, பாதி முதுகு அப்பிடியே கெடக்கு" என்றார் முருகாயி அக்கா.