வட்டத்துக்குள் தெரிந்த புள்ளிகள்

அன்புள்ள மேடம்,

பொம்மிடி ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் இன்று காலை ரொட்டி மாவு பொங்கியிருந்தது. அந்த வாடை பட்டதும் கை தானாக மூக்குக் கண்ணாடியைத் தேடியது. நம் ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்ந்த தட்டைத் திறந்தால் வருமே, அதே வாடை.

நோயாளியிடமிருந்து எடுத்த ஈஸ்ட்டைப் பூசிய தட்டில் மருந்து தோய்த்த வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி ஈஸ்ட் வளராது. மறுநாள், எந்த வில்லையைச் சுற்றி எவ்வளவு தூரம் ஈஸ்ட் வளராமல் தெளிந்திருக்கிறது என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடிப்போம். பிறகுதான் இரண்டையும் திறப்பது. எனக்காகவே நீங்கள் கொண்டுவந்த வழக்கம் அது.

"நான் மொதல்ல வாயத் தொறந்தா நீங்களும் அதையே சொல்லிடுவீங்கண்ணா."

உண்மைதான். சொல்லியிருப்பேன்.

பென்னாகரத்து அம்மாள் ஒருவர் வார்டில் இருந்தார். சர்க்கரை நோயாளி. வாயிலும் தொண்டையிலும் வெள்ளை படர்ந்து, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கொடுத்துவந்த ஃபுளுகோனசோல் மருந்து கேட்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் சீட்டில், 'கேட்கும்.' என் சீட்டில், 'வட்டத்துக்குள் சில புள்ளிகள்.' பென்சில் எழுத்தை அழிக்க உடனே ரப்பரை எடுத்தேன்.

"என் கண்ணு பழசு மேடம். உங்களுதே இருக்கட்டும்."

சீட்டைப் பிடுங்கிக்கொண்டீர்கள். "ஏங்கண்ணா, உங்க மரியாதைய வெச்சு அந்தம்மா தொண்டை ஆறிடுமா?"

முடிவு இன்னும் வரவில்லை என்று வார்டுக்குச் சொல்லிவிட்டு, அந்தப் புள்ளிகளை மட்டும் எடுத்துப் புதுத் தட்டில் வளர்த்தீர்கள். அடுத்த நாள் ஃபுளுகோனசோல் வில்லையின் விளிம்புவரை ஈஸ்ட் ஏறி நின்றது. இன்னொரு மருந்தான ஆம்ஃபோடெரிசின் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம். டாக்டர் மருந்தை மாற்றினார்.

வீட்டுக்குப் போகும் அன்று அந்த அம்மாள் ஆய்வக வாசலில் வந்து நின்றார். "களி எறங்குச்சுங்க. வூட்டுக்குப் போறேன்."

"நன்றிய இவரு கண்ணுக்குச் சொல்லுங்க" என்று என்னைக் காட்டினீர்கள். நான் இன்குபேட்டரைத் திறந்து அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, உள்ள ஒண்ணும் இல்ல, மூடுங்க. சூடு போயிடும்!"

நாளை கம்பைநல்லூரில் உங்கள் வீட்டில் உங்களுக்குப் பதினாறாம் நாள் காரியம். எல்லோரும் உங்களைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு என்னைத் தெரியும். முதலில் பேசுகிறவர் சொல்வதற்குத் தலையாட்டி, அதையே நானும் சொல்லி உட்கார்ந்துவிடுவேன்.

அதனால் யார் பேச்சையும் கேட்கும் முன், நான் பார்த்ததை இன்றே எழுதிவிட்டேன்: என் கண்ணை நான் நம்பியதைவிட நீங்கள் அதிகம் நம்பினீர்கள்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், மேடம். பேனாவால்தான் எழுதியிருக்கிறேன்.