சமையலறை யன்னலோரம் போகும் ஏழாம் இலக்கப் பாதை

அனுப்புநர்:
சூசைப்பிள்ளை கஸ்பர்,
ஹே கொட்டேஜ், சேர்ச் லேன்,
ஆஷ்கோட் கிறீன், லண்டன்.

பெறுநர்:
பொதுப் பாதைகள் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்கள்,
கவுன்சில் அலுவலகம், ரவுன் ஹோல்.

விடயம்: ஆஷ்கோட் கிறீன் ஏழாம் இலக்கப் பொது நடைபாதையை மூடுவதற்கான 24.08.1993 அறிவித்தலுக்கு ஆட்சேபம். அந்தக் கோப்பிலுள்ள ஒரு கடிதம் பற்றிய முறைப்பாடு.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் அறிவித்தலோடு வந்த துண்டுக் கடதாசியில், விரும்புவோர் தமிழிலும் எழுதலாம், கவுன்சில் மொழிபெயர்த்துக்கொள்ளும் என்று அச்சிடப்பட்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும். ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்தில் ஆறு வருடமாகப் பயணச்சீட்டு விற்கிறேன். ஆனால் இதில் சொல்லவேண்டிய சில காரியங்களை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால், அவை வேறு யாருக்கோ நடந்தவைபோல் ஆகிவிடுகின்றன. மொழிபெயர்ப்பவர் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வாராக.

1. நானும் என் மனைவி டொலறஸும் மன்னாரைச் சேர்ந்தவர்கள். அங்கே நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தேன். 1986இல் இந்நாட்டுக்கு வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு மேல்மாடி அறையில் குடியிருந்தோம். மனைவிக்கு ஆஷ்கோட் கிறீன் முதியோர் இல்லத்தில் தாதி உதவியாளர் வேலை கிடைத்தது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அதனால் 1992 ஒக்டோபரில் இக்கிராமத்திலேயே ஒரு சிறிய வீட்டை வாங்கினோம். லண்டன் எல்லைக்குள்ளேயே பசு மேயும் இடம் இருக்கிறது என்பதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

2. வீடு வாங்கியபோது எல்லாமே எனக்குப் புதினமாக இருந்தது. வீட்டுக்குப் பெயர் உண்டு, இலக்கம் இல்லை. வீட்டைச் சோதிக்க வந்தவர் சுவர்களை விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். வீட்டுப் பத்திரங்களைக் கவனித்த சொலிசிட்டர் பதினொரு பக்கக் கடிதம் அனுப்பினார். அதில் ஒரு வரி, வளவின் பின்பக்கமாக ஒரு நடைபாதை செல்கிறது என்றது. எங்கள் வசதிக்கான பாதை என்று நினைத்தேன். கூட வந்த நிலப்படத்தில் வளவை ஊடறுத்து ஒரு வெட்டுக்கோடு போனது. அதை வடிகால் என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு வருடம் நிலப்படம் வரைந்தவன் செய்த பிழை அது. அதற்கு வேறு எவரும் பொறுப்பில்லை.

3. குடிவந்த முதல் ஞாயிறு காலை, மனைவி சமையலறையில் நின்றபோது, யன்னலுக்கு இரண்டடி தூரத்தில் ஒரு பெண்மணி நாயுடன் நடந்து போனார். எங்கள் தோட்டத்துக்குள்தான். கையை உயர்த்திக் காலை வணக்கம் சொல்லி, வேலிப் படலையைத் திறந்து, மறுபடி கவனமாகச் சாத்திவிட்டுப் போனார். ஒருவேளை வழிதவறி வந்திருப்பார் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களும் வணக்கம் சொன்னார்கள்.

4. எனக்கு அது வேடிக்கை. மனைவிக்கு அப்படியல்ல. அதன் காரணத்தை இங்கே எழுதாமல் விட எண்ணியிருந்தேன். ஆனால் அது ஏற்கெனவே தங்கள் கோப்பில் இருப்பதால் எழுதுகிறேன். 1985ஆம் ஆண்டு, மன்னாரில் அவருடைய தாயார் லூர்தம்மாவின் வீட்டுக்குப் பின்வேலியால் சீருடை அணிந்தவர்கள் வந்தார்கள். மனைவி அப்போது குசினியில் அடுப்பருகே இருந்தார். அவருடைய தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. ஆகவே, பின்பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டால் அவர் கையில் இருப்பதைப் போட்டுவிடுவார். முதல் மாதத்தில் இரண்டு கோப்பைகள் உடைந்தன. யன்னலுக்குத் தடித்த திரை போட்டோம். பகலிலும் மின்விளக்கை எரித்துச் சமைத்தோம். படலையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். பொதுப் பாதையைத் தடுப்பது குற்றம் என்று பின்னர் அறிந்தேன். செய்தவன் நான்தான் என்பதை இம்மனுவிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

5. அடுத்த சனிக்கிழமை, திரு. பெல்ச்சர் என்ற முதியவர் வந்தார். தேவாலயக் கோபுரத்து மணிக்கூட்டுக்கு வாரந்தோறும் சாவி கொடுப்பவர் அவர். இடுப்பில் நோவு உள்ளவர். கம்பி முறுக்கை அவிழ்க்க அவருக்குப் பத்து நிமிடம் சென்றது. படலையைக் கடந்தபின் நின்று, நான் கட்டியிருந்த அதே விதமாக, அத்தனை முறுக்கோடு, திரும்பவும் கட்டினார். திரைக்குப் பின்னால் நின்று பார்த்த எனக்கு வெட்கமாகிவிட்டது. வெளியே ஓடிப்போய் ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அது உங்கள் கட்டு, அவிழ்ப்பதற்குத்தான் எனக்கு உரிமை உண்டு, எறிவதற்கு இல்லை என்றார். வீதியால் போனால் ஒரு மைல், ஓரத்தில் நடக்க இடம் கிடையாது, மணல் லொறிகள் ஓடுகின்றன என்றும் சொன்னார். அன்றே கம்பியை அறுத்தேன்.

6. அதன்பின் இந்தப் பாதையை அறியும் ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. என் ஓய்வு நாட்களில் தங்கள் அலுவலகத்துக்கு வந்து பாதைகளின் படத்தைப் பார்த்தேன். தங்கள் உதவியாளர் மிகவும் பொறுமையாக எடுத்துக் காட்டினார். நூல்நிலையத்தில் நூற்றைம்பது வருடப் பழைய படமொன்றும் கிடைத்தது. அதில் பாதை இருக்கிறது, எங்கள் வீடு இல்லை. பாதைதான் முதல். அதன் ஓரத்தில் பிறகு எவரோ வீடு கட்டியிருக்கிறார்கள். தங்கள் வளவுக்குள் பிறத்தியார் நடக்க வழிவிட்டு, அதைச் சட்டமாகவும் எழுதிவைத்திருக்கும் இந்த மக்கள், அயலவரின் பெயரைக்கூட மூன்று மாதம் கேட்காமல் இருப்பதை நான் இன்னும் முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கிக்கொள்ள விரும்புகிறேன்.

7. மனைவி மெல்ல மெல்ல மாறினார். எந்த நாளில் என்று சொல்ல முடியவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுமுன், "மணிக்காரர் இண்டைக்கு வரேல்லை. ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றார். பதினொரு மணியிலிருந்து யன்னலில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போனேன். திரு. பெல்ச்சர் கடும் காய்ச்சலில் தனியே கிடந்தார். வைத்தியருக்கு அழைத்தோம். மனைவி நான்கு நாள் அந்தப் பாதையால் கஞ்சி கொண்டுபோனார். நாலாம் நாள் திரும்பி வந்ததும், தடித்த திரையைத் தானாகவே கழற்றித் தோய்த்து மடித்து வைத்துவிட்டார்.

8. இப்படியிருக்க, ஓகஸ்ட் மாதம் படலைத் தூணில் தங்கள் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. பாதையை மூடுவதற்கான காரணம், "அருகிலுள்ள வீட்டில் குடியிருப்போரின் பாதுகாப்பும் மன அமைதியும்" என்றிருந்தது. அருகில் வேறு வீடு இல்லை. குடியிருப்போர் நாங்கள்தான். எங்களை எவரும் கேட்கவில்லை.

9. கோப்பைப் பார்வையிட வந்தேன். விண்ணப்பித்தவர் எங்கள் அயலவர் திருமதி மார்ஷம். எங்கள் தோட்டத்தைத் தாண்டியதும் பாதை அவருடைய குதிரை மேயும் நிலத்தினூடாகச் செல்கிறது. அங்கே லாயம் கட்டும் எண்ணம் அவருக்கு உண்டு என்று கேள்விப்பட்டேன். ஆயினும் அவரை நான் குறைகூறவில்லை. முதல் குளிர்காலத்தில் அடுப்புக்கு விறகு தந்தவர் அவர். அவருடைய தேநீர் மேசையில்தான், இந்நாட்டுக்கு வந்தபின் முதல்முறையாக, மனைவி தன் தம்பியின் கதையை ஒருவரிடம் சொன்னார். அந்தக் கதை அவருடைய கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. எங்கள்மேல் இரக்கப்பட்டு எழுதினாரா, லாயத்துக்காக எழுதினாரா, இரண்டும் சேர்ந்ததா என்று அறியேன். அது எவர் வேண்டுமானாலும் கேட்டு வாசிக்கக்கூடிய கோப்பு. எனக்கு முன்பாகவே இருவர் அதை வாசித்து, பார்வையிட்டோர் பட்டியலில் கையொப்பமிட்டிருந்தார்கள்.

10. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "அவ கேட்டிருந்தா, பயம் போயிட்டுது எண்டு நானே சொல்லியிருப்பன்" என்றார். அவ்வளவுதான். அதன்பின் திருமதி மார்ஷத்தைக் கண்டால் வணக்கம் சொல்கிறார். தேநீருக்குப் போவதில்லை.

ஆகவே ஐயா அவர்களிடம் கேட்டுக்கொள்வதாவது: எங்கள் பயத்தைக் காரணமாகக் காட்டி ஏழாம் இலக்கப் பாதையை மூடவேண்டாம். அந்தப் பயம் கடந்த வருடத்தது. வேறு நியாயமான காரணம் எவருக்கேனும் இருந்தால், அதை அவரவர் பெயரில் சொல்லட்டும். நாங்களும் வந்து கேட்போம். இனிமேல் எங்களைப் பற்றி எவராவது எழுதினால், முடிவெடுக்குமுன் எங்கள் கதவைத் தட்டிக் கேட்கவேண்டும்.

அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து அகற்றவேண்டும் என்றே முதலில் எழுதியிருந்தேன். மனைவிக்கு வாசித்துக் காட்டியபோது அந்த வரியில் என்னை நிறுத்தினார். "எடுக்கச் சொல்லாதேங்கோ. அவன்ரை பேர் எழுதியிருக்கிற கந்தோர்க் கடதாசி உலகத்திலை வேற எங்கை இருக்கு? பிழையைத் திருத்தச் சொல்லுங்கோ."

அவர் சொன்னது உண்மை. அவருடைய தாயார் முகாம்களுக்கும் அமைச்சுகளுக்கும் எழுதிய கடிதங்களுக்கு, அப்படியொருவர் தங்கள் பதிவில் இல்லை என்ற பதில்கூட வரவில்லை. ஆகையால் அந்த வரியை வெட்டிவிட்டு இதனைக் கோருகிறேன். கோப்பில் இரண்டாம் பக்கம், ஒன்பதாம் வரியில், "ஜேக்கப் என்ற கிளர்ச்சிக்காரர்" என்று இருக்கிறது. அவர் கிளர்ச்சிக்காரர் அல்லர். பெயரும் அதுவல்ல. அவ்விடத்தில் கீழ்க்கண்டவாறு திருத்தி, திருத்திய பிரதியொன்றைத் தங்கள் முத்திரையுடன் என் மனைவிக்கு அனுப்பிவைக்கவேண்டும்:

பஸ்தியாம்பிள்ளை யாக்கோப்பு. வயது இருபத்துமூன்று. மன்னார் தபாற்கந்தோரில் தந்தி அனுப்புபவர். 1985 மே மாதம் 11ஆம் திகதி, சனிக்கிழமை, காலை உணவு உண்டுகொண்டிருக்கையில் கொண்டுசெல்லப்பட்டார்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) சூ. கஸ்பர்

மேலே உள்ள திகதியும் விபரமும் சரியென உறுதிப்படுத்துகிறேன்.
(ஒப்பம்) டொலறஸ் கஸ்பர், சகோதரி

ஆஷ்கோட் கிறீன்,
14.09.1993