மேடையில் நான் சொல்லாதது

கரமனை,
வியாழக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

வழக்கமாக ஸ்தோத்திரம் சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்குவேன். இன்று அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. போனில் நீங்கள் "சரி மக்களே" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். எனக்கும் பேச வருவதில்லை. யூசுப் இக்கா லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் இதையும் உங்கள் கால்வலிக்குத் தைலமும் கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. அடுக்களையில் ஒழுகிய இடத்துக்குத் தார்ப்பாய் போட்டாயிற்று.

இனி அந்த வீடியோ. சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு கன்வென்ஷனில், நம் வீட்டின் முதல் பட்டதாரி என்று என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். நீங்கள் பார்ப்பீர்கள் என்றுதான் தமிழில் பேசினேன். பிரஜின் சேட்டன் பக்கத்தில் நின்று வரிக்கு வரி மலையாளத்தில் சொன்னார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: சபை மண்டபம் கட்டும்போது அப்பா கூலி வாங்காமல் வேலை செய்தார். சாரத்திலிருந்து விழுந்து எட்டு மாதம் படுத்திருந்தார். அப்போதும் என் படிப்பை நிறுத்தவில்லை.

அவர் மலையாளத்தில் சொன்னது: அப்பன் முழுக்குடியன். குடித்துவிட்டு விழுந்தான். அம்மாவை அடிப்பான். சபைதான் இந்தப் பெண்ணைப் படிக்கவைத்தது.

பந்தலே ஸ்தோத்திரம் என்று முழங்கியது. பின்வரிசையில் தமிழ் தெரிந்த இரண்டு பெண்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு வந்த வீடியோத் துண்டில் என் குரல் இல்லை. அவருடைய பேச்சும் என் குனிந்த தலையும்தான் இருக்கின்றன. கூட்டத்தைக் கண்டால் நான் அப்படித்தான் நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு நான் ஆமாம் போடுவது போல இருக்கிறது.

சரசம்மா அக்கா குழாயடியில், "செல்வமணி அண்ணன் குடிக்கிறத இத்தன வருஷம் ஒளிச்சு வச்சிட்டீங்களே, கொள்ளாம்!" என்று சிரித்தாளாம். அம்மா பாதிக் குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

பிரஜின் சேட்டனிடம் போய்க் கேட்டேன். "மோளே, உன் கதையில பாவமே இல்லல்லோ. பின்னே இரட்சிப்பு எவிடுந்து வரும்?" என்றார். பாஸ்டரோ, "அன்னைக்கு முந்நூறு பேர் கை தூக்கினாங்க. ஆத்துமா பெரிசா, உங்கப்பா பேரு பெரிசா?" என்றார். நீங்கள் விழுந்த அன்று ஆட்டோவில் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர். அவருக்குத் தெரியும் அப்பா. தெரிந்தும் கேட்டார்.

கண்காட்சியில் பழைய மிஷன் அறிக்கைகளை வைத்திருந்தார்கள். சீமைக்கு அனுப்பியவை. நம் ஆட்களைப் பற்றி எழுதிய இடத்திலெல்லாம் குடி, அழுக்கு, இருட்டு. பள்ளிக்கூடம் கொடுத்தவர்களும் அவர்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் தங்களைப் பற்றி என்ன எழுதிப் போகிறது என்று அந்த ஜனத்துக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. என் பட்டமே மலையாளத்தில்தான். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மைக்கும் என் கையில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள்மேல் வருகிற கோபம் எல்லாம் இங்கே வந்துதான் நிற்கிறது.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பேன். மலையாளத்தில், நானே பேசுவேன். யாரும் எனக்காக மொழிபெயர்க்க வேண்டாம். நேரலையில் வரும். உங்களுக்கு அப்போது காலை ஒன்பது மணி. வேலை நேரம் என்று தெரியும். போர்மேனிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடுங்கள் அப்பா. "சரி மக்களே" என்று மட்டும் சொன்னாலும் போதும். சொன்ன பிறகு வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் லைனில் இருங்கள்.

உங்கள் மகள்,
ஜெஸ்லின்