பால்கனி அறை

மே 11, ஞாயிறு

வலது கை வீங்கியிருக்கிறது, பேனா சரியாகப் பிடிபடவில்லை. இன்று சம்பந்தியை, என் மகளின் மாமனாரை, அடித்துவிட்டேன்.

லீவில் பேரப்பிள்ளைகளைக் கப்பலில் கூட்டிப்போகலாம் என்று நாங்கள் இருவரும் செங்கல்பட்டில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போயிருந்தோம். கடல் தெரிகிற பால்கனி அறைதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சின்னவனுக்கு மூன்று வயது. நாற்காலியைப் பார்த்தாலே இழுத்துப்போட்டு ஏறுவான். ஜன்னல் இல்லாத உள் அறையே போதும் என்றேன்.

"புள்ள கடல்ல வுழுந்தா நீ குதிச்சி எடுப்பியா?"

அவர் சிரித்தார். "அப்பனும் பொண்ணும் ஒரே மாதிரி. அவளும் இப்படித்தான், எது சொன்னாலும் ராத்திரியெல்லாம் அழுதுட்டு கெடப்பா."

என் மகள் அந்த வீட்டில் அழுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினேன். அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. மேஜை மேலிருந்த கப்பல் படங்களில் ரத்தம் சொட்டியது. மறுபடியும் ஓங்கினேன். கடைக்காரர் என் இடுப்பைக் கட்டி இழுத்தார்.

சாயந்திரம் மகள் போன் செய்தாள்.

"இன்னாப்பா இப்டி பண்ட்ட?"

"நீ அங்க அழுவுறியாம்மா?"

மெதுவாகச் சொன்னாள்.

"உள்ரூமே போடுப்பா. எனக்கும் சேத்துப் போடு."

கப்பல் கிடக்கட்டும். விடிந்ததும் சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருக்கும் அவள் மாமனார் வீட்டுக்குப் போய் அவளையும் பிள்ளைகளையும் கூட்டிவர வேண்டும்.